விடுதி விண்ணப்பத்தில் நான் அழித்த வரிகள்

“மிஸ், நான் எழுதுனதுல என்ன தப்பு?”

பத்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொன்னது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் ஆசிரியர் மலரின் இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். முப்பது வருடம் பாடம் நடத்தி எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக எட்டு வருடம் ஆகிறது. வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன சர்வீஸ் இருக்கிறது என்று மலர்க் குழுவில் கேட்டேன். “நீங்க பண்ண தப்பை எழுதுங்க மேடம், அதுக்கு சர்வீஸ் வேண்டாம்” என்றார்கள். அதனால் எழுதுகிறேன். ஊர், பெயர், வேலை விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணை இங்கே ஜெசி என்று வைத்துக்கொள்வோம். அவளைக் கேட்காமல் எழுதுகிறேனே என்ற உறுத்தல் இதை எழுதும்போதும் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு, ஃபார்ம் மிஸ். பெற்றோர் எந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாலும் அலுவலகத்திலிருந்து என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நான் சேர்ந்த இரண்டாவது வருடம், என் வகுப்புப் பையன் ஒருவனுக்காக மலைமேல் இருக்கும் ஓர் உறைவிடப் பள்ளியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருடம் இரண்டு பேர். அதன் பிறகு ஜனவரி பிறந்தால் என் மேசைமேல் பழுப்பு உறைகள் வந்து சேரும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை மலைப் பள்ளிகளுக்கு அனுப்புவது புதிதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அங்கே படித்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்கள் எங்கள் சர்ச்சிலேயே நாலைந்து உண்டு. இப்போது அந்தப் பழக்கம் இல்லாதவர்களும் அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதில்லை.

அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. வீட்டில் நான் எதையும் உறுதியாகச் செய்கிறவள் இல்லை. மகளுக்கு உடம்பு சுட்டால் மருந்தை இப்போதே கொடுப்பதா, ஒரு மணி நேரம் பார்ப்பதா என்று இரண்டு பேரைக் கேட்பேன். அவளை எல்கேஜியில் சேர்க்க மூன்று பள்ளிகளில் விண்ணப்பம் வாங்கிவந்து, கடைசி நாள் வரை கணவரைப் படுத்தி எடுத்தேன். ஆனால் அடுத்தவர் பிள்ளையின் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் எனக்குச் சந்தேகமே வராது. கடகடவென்று நிரப்பிவிடுவேன்.

ஜெசியின் அப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அம்மா நர்ஸ், வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முடிச்சூரில் அவர்கள் இருக்கும் அடுக்ககத்திலேயே கீழ் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தார். ஜெசி சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அந்த அத்தை வீட்டில்தான். அந்த ஜனவரியில் அத்தையின் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அங்கே மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறார்கள். ஜெசியைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை.

அப்பா உறையோடு வந்து நின்றார். வேலைக்குப் போகிற வழி, நீலச் சட்டையில் இருந்தார்.

“செகண்ட் ஷிப்ட்னா நான் வீடு வந்து சேர்றதுக்குப் பன்னெண்டாயிடும் மிஸ். அதுவரைக்கும் பொம்பளப் புள்ள தனியா எப்படி இருக்கும்? ஹாஸ்டல்னா நாலு பேர் பாத்துப்பாங்க. இந்த சீட் கிடைச்சாதான் எனக்குத் தூக்கமே.”

கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதை யோசிக்கவில்லை என்றார்.

அந்த விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம் முழுவதும் கோடுகள். மேலே ஒரே ஒரு குறிப்பு: பெரியவர்கள் உதவி இல்லாமல், குழந்தை தன் கையெழுத்தில் தன்னைப் பற்றி எங்களுக்கு எழுதட்டும். பக்கத்தின் அடியில், இது குழந்தை தானாக எழுதியதுதான் என்று வகுப்பு ஆசிரியர் கையெழுத்துப் போட ஓர் இடம்.

இனி நான் சொல்லப்போகும் வழக்கம் உங்களில் சேர்ந்து ஒரு மாதம் ஆனவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். முதலில் பென்சிலில் ‘ரஃப்’ எழுதச் சொல்வோம். அதில் பாதியை அடித்து, மீதியை மாற்றி, நாம் சொல்லச் சொல்லப் பேனாவால் ‘ஃபேர் காபி’ எழுத வைப்போம். பேச்சுப் போட்டியோ, ஆண்டு மலரோ, சிறப்பு விருந்தினருக்கு நன்றிக் கடிதமோ, எல்லாவற்றுக்கும் இதேதான். ஒரு குழந்தை எழுதியது எழுதியபடியே பள்ளி கேட்டைத் தாண்டி வெளியே போய் நான் பார்த்ததில்லை. அதை ஏமாற்று வேலை என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. பிள்ளையை வெளியே அனுப்பும்போது தலைசீவி அனுப்புவது மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்ததும் ஜெசியை வகுப்பிலேயே உட்காரச் சொன்னேன். ரஃப் தாளைக் கொடுத்துவிட்டு நான் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

“எனக்கு அத்தை வீட்டுப் பூனையைப் பிடிக்கும். அது அத்தையோடு போகிறது. அப்பா பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் என் ஹோம்வொர்க்கைப் பார்ப்பார். அப்புறம்தான் ஷூவைக் கழற்றுவார். எனக்குக் கணக்கில் பின்னம் வரும், நீண்ட வகுத்தல் வராது. சில நாள் தூக்கத்தில் என் படுக்கை நனைந்துவிடும். இது அத்தைக்கு மட்டும் தெரியும். அத்தை இரவில் ஒரு தடவை எழுப்பி பாத்ரூம் கூட்டிப்போனால் நனையாது. உங்கள் ஹாஸ்டலில் என்னை யார் எழுப்புவார்கள்?”

படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதை அவர்கள் பார்த்தால் சீட் கிடைக்காது என்பதுதான். இரண்டாவதாகத் தோன்றியதும் அதுவேதான். யாரிடமும் சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாதவர்களிடம் இந்தப் பிள்ளை எவ்வளவு நம்பிக் கேட்டிருக்கிறது என்பது அன்று மாலை வரைக்கும்கூடத் தோன்றவில்லை. என் மகளின் மெத்தைக்கு அடியிலும் ரப்பர் ஷீட் போட்டிருக்கிறேன். விரிப்பை மாற்றும்போது ஒரு நாளும் திட்டியதில்லை. அதனால் இந்த விஷயம் எனக்குத் தெரியும், தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு மிதப்பு.

அவளுடைய ரப்பரையே எடுத்துக் கடைசி வரிகளை அழித்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள், என்ன தப்பு என்று. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

“தப்பில்லடா. இது அவங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.”

“அவங்கதானே மிஸ் என்னைப் பத்திக் கேட்டிருக்காங்க?”

நான் ரப்பர் தூளை ஊதிக்கொண்டிருந்தேன். அங்கே மேட்ரன் என்று ஒருவர் இருப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை, அவரிடம் நானே போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“கண்டிப்பா சொல்வீங்களா மிஸ்?”

“கண்டிப்பா.”

“அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

சரி என்றேன். பிறகு நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பூனை போய்விட்டது, அப்பாவின் ஷூ போய்விட்டது. அதிகாலையில் எழுவேன், சிறு குழந்தைகளுக்கு உதவுவேன், டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்று வந்தது. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். படித்துப் பார்த்து, இது குழந்தை தானாக எழுதியதுதான் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அப்பா மற்ற பக்கங்களை நிரப்ப என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். உடல்நலம் பற்றிய பகுதியில், இரவில் ஏதாவது சிறப்புக் கவனம் தேவைப்படுமா என்று தனியாக ஒரு கேள்வியே இருந்தது. அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பல விண்ணப்பங்களில் நான் பார்த்த கேள்விதான். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுக்கு என்ன மிஸ் போடறது?”

“எதுவுமில்லைன்னு போட்டுடுங்க சார்.”

அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று ஜெசி கேட்டுக்கொண்டாளே, அவளுக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் அந்த நிமிடத்தில் ஜெசியின் நினைப்பே எனக்கு இல்லை. விண்ணப்பம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நினைப்புதான் இருந்தது.

மார்ச்சில் சீட் வந்தது. அப்பா ஸ்டாஃப் ரூமுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தார். தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஏப்ரலில் அத்தை கோயம்புத்தூர் போனார். ஜெசி கோடை விடுமுறையைத் தாத்தா வீட்டில் கழித்துவிட்டு, ஜூனில் மலைக்குப் போனாள்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதம் ஒரு தடவை கூப்பிட்டேன், விடுமுறை என்பதால் யாரும் எடுக்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி எண்ணை எடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இப்போது சொன்னால், அப்படியானால் விண்ணப்பத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. அடுத்த வருடம் நான் அனுப்பும் பிள்ளைகளை நம்புவார்களா? போனை வைத்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்து வைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. இடையில் என் மகளுக்கு அம்மை போட்டது, அது இது என்று காரணங்கள் இருந்தன. இப்போது அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் முதல் பீரியட் முடிந்ததும் அப்பாவும் ஜெசியும் தலைமை ஆசிரியையின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். திரும்பவும் எங்கள் பள்ளியிலேயே சேர்க்க வந்திருந்தார்கள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று குட் மார்னிங் மிஸ் என்றாள்.

நடந்ததை அப்பா நின்றபடியே சொன்னார். முதல் வாரத்திலேயே படுக்கை நனைந்திருக்கிறது. மெத்தையை வெயிலில் காயவைக்க முன் வராந்தாவில் போட்டிருக்கிறார்கள். வகுப்புக்குப் போகிற வழி அதுதான். எந்தக் கட்டில் மெத்தை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஜெசி மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் சிறுநீர்த் தொற்று வந்து, குளிர் ஜுரத்தில் விழுந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர் கேட்ட கேள்விகளில்தான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குப் போன் செய்து கத்தியிருக்கிறார். தொழிற்சாலையில் அலைந்து பகல் ஷிப்டாக மாற்றி வாங்கிக்கொண்டு, மகளைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்.

சொல்லி முடித்துவிட்டு அவர் மகளைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார்.

“என்கிட்ட சொல்ல வெக்கம், சரி. மிஸ்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மிஸ் உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாங்க. அவங்க பேரையும் கெடுத்துட்டு வந்து நிக்கிற.”

ஜெசி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அதில் புகார் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு குனிந்துகொண்டாள். என்னிடம் சொன்னதாக அவள் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளில் கை வைத்து, “விடுங்க சார், பரவாயில்ல. குழந்தைதானே” என்றேன்.

அவளை மன்னித்தேன். அவள் அப்பா முன்னால், தலைமை ஆசிரியையின் அறை வாசலில், பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன். அழித்தது, பொய்யாகக் கையெழுத்துப் போட்டது, போன் செய்யாதது, எல்லாவற்றையும்விட இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. மற்றவற்றை நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மாலை தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. “எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் எழுதிக் கொடுக்கறோம். நீ தனியா என்ன பண்ணிட்ட?” என்று ஆறுதல்தான் சொன்னார். இனி விண்ணப்பங்கள் எனக்கு வேண்டாம் என்றேன். இந்த ஜனவரியிலும் இரண்டு உறைகள் வந்தன, பழக்கத்தில் என்னிடமே அனுப்பிவிட்டார்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றில் பையனின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார், தட்ட முடியவில்லை. அந்தப் பையனுக்கும் இரவில் ஒரு சிக்கல் உண்டு, தூக்கத்தில் எழுந்து நடப்பான். இந்தத் தடவை எதையும் நிரப்புவதற்கு முன்னால், அவன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த விடுதிக்குப் போன் செய்தேன். இது வேறு பள்ளி. மேட்ரன் எடுத்தார். வயதான குரல். நடக்கிற பையன், படுக்கை நனைக்கிற பையன் எல்லாம் வருடத்துக்கு அஞ்சாறு பேர் இருப்பாங்க என்றார்.

“லிஸ்ட் போட்டுக் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கேன்மா. பத்தரைக்கு ஒரு தடவ எழுப்பி விடுவேன். ஃபார்ம்ல எழுதுனாதானே எனக்குத் தெரியும்? பாதிப் பேர் எழுத மாட்டாங்க. புள்ளைங்கதான் பாவம் மாட்டிக்கும்.”

போனை வைத்ததும், தூக்கத்தில் நடப்பான் என்று அந்த அம்மாவையே விண்ணப்பத்தில் எழுத வைத்தேன்.

உங்களிடமும் உறைகள் வரும். நன்றாக எழுதத் தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டால் நிறையவே வரும். குழந்தையின் பக்கத்தைக் குழந்தைக்கே விட்டுவிடுங்கள். நீண்ட வகுத்தல் வராது என்று எழுதினால் வராது என்றே போகட்டும். அதில் ஏதாவது உங்களை உறுத்தினால், ரப்பரை எடுப்பதற்கு முன்னால் அந்த விடுதிக்கு ஒரு போன் செய்யுங்கள். அதனால் சீட் போய்விட்டால்? எனக்கும் தெரியவில்லை. ஜெசிக்கு சீட் கிடைக்காமல் போயிருந்தால் அவள் அப்பா முன்னமே பகல் ஷிப்டுக்கு அலைந்திருப்பாரா, இல்லை பிள்ளை நடுராத்திரி வரை தனியாக இருந்திருக்குமா? இதை யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஜெசி இப்போது ஆறாம் வகுப்பு, மாடியில். படிக்கட்டில் பார்த்தால் சிரிக்கிறாள். உடம்பு தேறிவிட்டது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அவள் அப்பா கீழே என் வகுப்புக்கும் வந்துவிட்டுத்தான் போகிறார். வந்தால் மகளிடம், “மிஸ்ஸுக்கு சாரி சொன்னியா?” என்பார். இதுவரை இரண்டு தடவை சொல்ல வைத்திருக்கிறார். அவளும் சொன்னாள். நானும் நின்று கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது தடவை கேட்டுக்கொள்ள என்னால் முடியாது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கணவர் வேண்டாம் என்கிறார். அவர்கள் மறந்துகொண்டிருக்கிறார்கள், நீ உன் மனசு ஆறுவதற்காகக் கிளறுகிறாய் என்கிறார். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தான் செய்யாத தப்புக்கு சாரி சொல்லிக்கொண்டிருக்கிறாளே.

எனக்குத் தெரியாதது, யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான். அப்பாவிடம் தனியாகச் சொன்னால், தன்னிடம் சொல்லாததை மகள் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள் என்பதுதான் அவர் மனதில் முதலில் தைக்கும். அந்தக் கோபம் அவள்மேல் திரும்பலாம். இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னால், அந்த மெத்தைக் கதையை அவள் இன்னொரு முறை நின்று கேட்க வேண்டும். முதலில் அவளிடம் போய், உங்கள் அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டால், வேண்டாம் மிஸ், பரவாயில்ல மிஸ் என்றுதான் சொல்வாள். என்னைக் காப்பாற்றும் வேலையைப் பதினொரு வயதுப் பெண்ணிடம் மறுபடியும் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு என்னைவிடக் குழந்தைகளைத் தெரியும். சிலர் இப்படி விடுதியில் வளர்ந்தவர்களாகவே இருப்பீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் மார்ச் இரண்டாம் சனிக்கிழமை. யாரிடம் முதலில் போவது என்று அதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.